உருவமில்லாத கடவுளுக்கு ஒரு பட்டுச்சேலை

டென்மார்க்கில் நான் கடவுளுக்கு ஒரு சேலை சாத்தினேன். அந்தக் கடவுள் பெண் இல்லை என்பது சாத்தப் போன இடத்தில்தான் தெரிந்தது. ஆணும் இல்லை என்பது தெரிய இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

அப்போது நான் கோபன்ஹேகனை அடுத்த டோஸ்ட்ருப்பில் ஒரு மாடிக் குடியிருப்பில், என்னைவிட மூத்த இன்னொரு யாழ்ப்பாணத்தாரோடு இருந்தேன். அவரை அண்ணை என்பேன். அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்திருந்தது. கிடைக்காதது குடும்பம்தான். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகள் தவழத் தொடங்கிய காலத்தில் புறப்பட்டு வந்தவன் நான். அவர்களைக் கூப்பிட எனக்கு உரிமை உண்டு என்று, எங்களுக்கு உதவி செய்துகொண்டிருந்த டேனிஷ்காரர் ஒருவர் சட்டப் புத்தகத்தைத் திறந்தே காட்டினார். விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்று நல்ல மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்கள். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலூட்டியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அந்த வருடங்களை டேனிஷ்காரர் இன்று ‘தமிழர் வழக்கு’ என்று நினைவு வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள் மேலிடத்து உத்தரவில் ஓரமாக வைக்கப்பட்டிருந்தன என்பதும், அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதும் பின்னால் விசாரணையில் வெளிவந்து, கடைசியில் அரசாங்கமே கவிழ்ந்தது. அன்று எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. பிழை எங்கள் கிரகத்தில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கிரகத்தில் பிழை என்றால் கோயிலுக்குப் போகவேண்டும். போவதற்குக் கோயில் இல்லை. கத்தோலிக்கத் தமிழருக்குத் தேடிப்போனால் ஒரு தேவாலயமாவது இருந்தது. உள்ளே மாதா இருந்தார். எங்களுக்கு உடுப்பு அலுமாரியின் உட்கதவில் ஒட்டிய பிள்ளையார் படம் மட்டும். கற்பூரம் கொளுத்தினால் கீழ்வீட்டுக்காரி மணக்கிறது என்று வந்து கதவைத் தட்டுவாள். பிள்ளையாரை எப்போதும் சட்டைகளுக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சலவைத் தொழிற்சாலையில் நனைந்த படுக்கைவிரிப்புகளை ஸ்திரிபோடும் பெரிய உருளைகளுக்குள் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இடப்பக்க மூலைகளை ஒருவர் பிடிக்க, வலப்பக்க மூலைகளை மற்றவர் பிடித்து, ஒரே நேரத்தில் நீட்டவேண்டும். ஒருவர் பிந்தினால் துணி கோணலாகப் போய்ச் சிக்கும். எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரு பஞ்சாபிச் சீக்கியப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கணவர் பஸ் ஓட்டினார். அங்கிருந்த எல்லோரும் அவரைப் பெஹன்ஜி என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்; அக்கா என்று பொருள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மாலை வகுப்பில் படித்த டேனிஷ். அதை அப்படியே எழுதினால் இரண்டு பேரும் மடையர்போலத் தெரிவோம். ஆகவே அவர் சொன்னதை என் வாய்த்தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒரு கோடையில் அவர் தங்களுடைய குருத்வாராவுக்கு வரச் சொன்னார். கோபன்ஹேகனில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற எல்லோருக்கும் சாப்பாடு உண்டு என்றார். பக்தியைவிடச் சாப்பாடுதான் என்னையும் அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனது. தலையை மூட ஆளுக்கொரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில், வாசலோடு ஒட்டி உட்கார்ந்தோம். முன்னால் ஒரு விதானம். அதன் கீழே மேடை. மேடையில் பட்டும் சரிகையுமாகத் துணிகளால் மூடிய ஏதோ ஒன்று. பின்னால் ஒருவர் உட்கார்ந்து வெண்சாமரை வீசிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் தாம்பாளத்தில் புதுப் பட்டுத்துணி கொண்டுவந்து வைத்து, நிலத்தில் தலை முட்டக் கும்பிட்டது.

“உள்ளுக்கு ஆர் அண்ணை?” என்று கேட்டேன்.

“அம்மன்தான். பட்டுச் சாத்தினம், தெரியேல்லையே?” என்றார் அண்ணை. ஊரில் அவர் ஒரு அம்மன் கோயில் திருவிழாச் சபையில் இருந்தவர். அந்தக் குரலில் அவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. எனக்கும் கண்முன்னே தெரிந்தது அதுதான். விதானம், சாமரை, பட்டு. இவ்வளவும் இருந்து உள்ளே அம்பாள் இல்லாமல் வேறு யார்? யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் அங்கே வேறெதையும் பார்த்திருக்க முடியாது. அன்றைக்கு ரொட்டியும் பருப்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அம்மனைக் கண்டுபிடித்த திருப்தியோடு ரயிலேறினோம்.

அதே 1987 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. சமாதானத்துக்கு வந்த இந்திய இராணுவம் எங்கள் பெடியளோடு, இயக்கத்துப் பையன்களோடு, மோதியது. தொலைபேசி கிடைக்கவில்லை. மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்களா என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் அந்த நாள்களில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஒழுங்காகக் குளிக்கவுமில்லை. அண்ணை ஒரு பத்திரிகைப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் ஊர் வீதியொன்றில் தலைப்பாகைச் சிப்பாய்கள்.

“அங்க தலைப்பாகைக்காரர் துவக்கோட நிக்கினம். இஞ்ச நீர் அவையின்ர கோயிலில சாப்பிடப் போறீர்,” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டது அவருக்கு மறந்துபோயிற்று.

பெஹன்ஜியோடு சில நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. விரிப்பைப் பிடிப்பேன், நீட்டுவேன், அவ்வளவுதான். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் உருளைச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னார்: “என்ர தம்பியைத் தில்லியில எண்பத்திநாலாம் ஆண்டுக் கலவரத்தில தலைப்பாகைக்காகத்தான் அடிச்சவங்கள். இப்ப அவன் அதைக் கட்டுறதில்லை. உமக்கு என்னில கோவமெண்டால் என்னில கோவப்படும், தலைப்பாகையை விடும்.” அதற்குமேல் நான் என்ன கோபப்படுவது? அடுத்த விரிப்பை எடுத்தேன்.

என் மனைவி வந்திறங்கும் நாளில் உடுக்கட்டும் என்று, லண்டனுக்குப் போய்வந்த ஒருவரிடம் சொல்லி ஒரு பட்டுச்சேலை எடுப்பித்து வைத்திருந்தேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. நேர்த்திக்கடன் என்பது காரியம் நடந்த பிறகு செலுத்துவது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. தெய்வத்தை நான் அலுவலகத்தைப் போல நடத்தினேன். முதலே கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டால் பார்க்காமல் இருக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். என்னிடம் இருந்தவற்றில் விடுவதற்கு மனம் வராத பொருள் அது ஒன்றுதான். அதனால் அதையே எடுத்தேன்.

ஒரு ஞாயிறு தனியாகப் போனேன். தாம்பாளத்தில் சேலை, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், கடையில் வாங்கிய செவ்வந்தி. நடுவழியால் நேரே போய்க் கும்பிட்டு, சேலையைப் பிரித்து, சாமரை வீசிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன். சாத்தும்படி கையால் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. என் கண்ணில் நீர் வந்திருந்ததால் அவர் வேறுவிதமாக விளங்கிக்கொண்டு, எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று துணியின் ஓரத்தை விலக்கினார். உள்ளே ஒரு பெரிய புத்தகம் இருந்தது. அம்மன் இருக்கவேண்டிய இடத்தில் பக்கங்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, பயம். ஆள் இல்லாத வீட்டுக்கு நேர்த்தி வைத்துவிட்டேன், என் பெண்சாதி பிள்ளையை இனி யார் பார்ப்பது என்ற பயம். சேலை கையில் தொங்க அப்படியே நின்றேன். பெஹன்ஜி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, தாம்பாளத்தையும் என்னையும் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு சிறிய வழக்கே நடந்தது. குருத்வாராவின் காரியதரிசி, வெண்தாடிக்காரர், வளையலைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். ரொட்டி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மாவுக் கையோடு வந்து நின்றார்கள். எல்லாம் பஞ்சாபியில். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறுநாள் ஸ்திரி உருளைக்கு முன்னால்தான் பெஹன்ஜி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

காரியதரிசி சொன்னது: இது தேவிக்குச் செய்கிற காணிக்கை, எங்களுக்குக் குரு இந்தப் புத்தகம்தான், எங்களிடம் தேவி கிடையாது, திருப்பிக் கொடுங்கள்.

“தேவி இல்லையெண்டால் தேவனோ எண்டு கேட்டன்,” என்றார் பெஹன்ஜி. “அதுவும் இல்லையாம். அதுவும் இல்லையெண்டு அவருக்கு நல்லாத் தெரியும். பிறப்பில்லை, உருவமில்லை, ஒண்டே ஒண்டு. அப்ப ஏன் சேலையைக் கண்டவுடன கை சுடுது? போன மாசம் நீலச் சால்வை வந்தது. அது ஆம்பிளையின்ர உடுப்பெண்டு ஆரும் திருப்பிக் குடுத்தவையோ?”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“புத்தகத்தில இருக்கிற பாட்டுகளில தகப்பன் எண்டு வருகுதாம். தாய் எண்டும்தான் வருகுது எண்டன். புருசன் எண்டும் வருகுது. அப்பிடிப் பாத்தால் நாங்கள் எல்லாரும் அவருக்குப் பெண்சாதியள். தாடியோட நிக்கிற நீங்களும்தான் எண்டு சொன்னன்.”

பெண்கள் ஏன் திடீரென்று அப்படிச் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காரியதரிசியும் கடைசியில் சிரித்தார். அது நல்ல மனுசருடைய சிரிப்பு என்றே சொல்லவேண்டும். பிறகு முடிவு செய்தார்கள்: காணிக்கை காணிக்கைதான், துணியை வெட்டித் தைத்துப் புத்தகத்துக்கு விரிப்புகளாகப் போடலாம். பழத்தைச் சமையலறைக்குக் கொடுத்தார்கள். வளையல்களை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சின்னப் பெண்ணின் கையில் போட்டுவிட்டார்கள். ஒரு பெண் கத்தரிக்கோலை எடுத்துவந்து என்னைப் பார்த்துத் தலையசைத்துக் கேட்டாள். நானும் தலையசைத்தேன். சேலையில் கத்தரி ஓடும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோர்மீதும், புத்தகத்தின்மீதும்கூட, எனக்குக் கோபமாக இருந்தது.

அந்தக் கோபத்தை நான் சலவைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஸ்திரி உருளையின் இரண்டு பக்கமும் நின்று நாங்கள் கடவுளைப் பற்றிச் சண்டை பிடித்தோம்.

நான் சொன்னேன், உங்கள் கணக்கு வெறுங்கணக்கு. ஆணுமில்லை, பெண்ணுமில்லை என்றால் அழுகிறவன் யாரைப் பார்த்து அழுவது? எங்களுடைய சிவன் பாதி பெண். இடப்பக்கம் உமை, வலப்பக்கம் அவர். நீதியான பங்கு.

“பாதி பாதியெண்டால் அளந்திருக்கிறியள்,” என்றார் அவர். “பிள்ளை அழேக்க எந்தப் பாதி எழும்பும்?”

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. திருச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. அங்கே சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பிள்ளைப்பேற்று நோவோடு இருந்த ஒரு பெண்ணின் தாய், ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவனே அந்தத் தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். பாதி இல்லை, முழுத் தாய். இதை நான் வெற்றியோடு சொல்லி முடித்தேன்.

பெஹன்ஜி விரிப்பின் மூலையைப் பிடித்தபடி யோசித்தார். “பிறகு?”

“பிறகு வெள்ளம் வடிஞ்சது. உண்மையான தாய் வந்திட்டா.”

“அவர்?”

“போயிட்டார்.”

அவர் சிரித்த சிரிப்பில் துணி கோணிப்போய், இயந்திரத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. “பிள்ளை பிறந்தோன்ன போயிட்டாரெண்டால் ஆம்பிளைதான், சந்தேகமில்லை,” என்றார்.

நானும் சிரித்தேன். பிறகு தவழ்ந்துகொண்டிருந்த என் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது. நான் ஓடிவந்தவன் இல்லை. நின்றிருந்தால் இலங்கை இராணுவத்தார் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அதை டேனிஷில் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் அது சமாதானம் சொல்வதுபோலத்தான் கேட்டிருக்கும். அன்று வேலை முடியும்வரை விரிப்புகளை மட்டும் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஏதோ தட்டியிருக்கவேண்டும். போகும்போது, ஊரிலிருந்து சேதி ஏதும் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு முந்தின கிழமைதான் கொழும்பு வழியாகச் சேதி வந்திருந்தது. இருவரும் உயிரோடு இருந்தார்கள். வீட்டுக் கூரை போயிற்று. அதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அவருக்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. ஞாயிறு வழிபாட்டில் மேடையில் உட்கார்ந்து புத்தகத்தைப் படிக்க அவருக்கு ஆசை. சின்ன வயதில் அதற்கென்று கற்றவர். பெண் படிக்கக்கூடாது என்று அவர்களிடம் ஒரு விதியும் இல்லை. முடியாது என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. கேட்கும் போதெல்லாம் வருகிற கிழமை பார்ப்போம் என்றார்கள். நான் இதைக் கேட்டவுடன் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு நன்றாகப் பழகிய பதில் அது. கடவுள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. காரியதரிசி மட்டும் எப்போதும் ஆண்.

“உங்கட சட்டப் புத்தகத்திலயும் எல்லாம் சரியாத்தானே எழுதிக் கிடக்குது,” என்றார் அவர். கோபத்தோடுதான் சொன்னார்.

ஒரு ஞாயிறு கடும் பனி. வழமையாகப் படிக்கிறவர் வந்துசேரவில்லை. நான் போயிருந்தேன், ஏன் போனேன் என்று கேட்டால் சாப்பாட்டுக்கு என்றே சொல்வேன். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெஹன்ஜி எழுந்து, கால் கை கழுவிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் மேடையில் உட்கார்ந்தார். விரிப்புகளை விலக்கினார். அவற்றில் ஒன்று என் சேலையின் மாம்பழ மஞ்சள். படிக்கத் தொடங்கியபோது குரல் நடுங்கியது, பிறகு நின்றுவிட்டது நடுக்கம். காரியதரிசி ஒருமுறை எழும்பப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி சால்வையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் கடைசிவரை இருந்து கேட்டேன். சந்தோசமாக இருந்தது. அதன்பிறகும் ஆள் வராத நாள்களில் மட்டும்தான் அவரைப் படிக்க விட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அதற்கும் ஒரு வருடம் கழித்து என் விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தது, அது ஏன் வராமல் இருந்தது என்று ஒருவரும் சொல்லாமலே. பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் யாரோ எங்களுக்காகச் சத்தம் போட்டிருந்தார்கள். அண்ணை அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றார். புத்தகத்தைப் பற்றி அவருக்கு நான் சொல்லியும் அவர் நம்பவில்லை. புத்தகத்துக்குக் கீழே நீர் பார்த்தீரோ என்று கேட்டார்.

மனைவியும் மகளும் வந்திறங்கியது ஒரு வைகாசி மாதப் பகல். விமான நிலையத்தில் மனைவியைக் கூட்டத்தில் உடனே பிடிக்கவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தாள். மகளுக்கு நாலு வயது நிரம்பியிருந்தது. “இவர்தான் அப்பா,” என்று மனைவி சொன்னதும் மகள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையாட்டிக் கையைத் தந்தாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டே ரயிலில் வந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பெருமைகூடப் பட்டேன்.

டோஸ்ட்ருப் நிலையத்தில் இறங்கி, பெட்டிகளை வைத்து நிமிரும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்காத விரைவு ரயில் ஒன்று இடிபோல வந்தது. மேடை அதிர்ந்தது. மகள் “அப்பா” என்று அலறினாள்.

அந்தச் சத்தத்துக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். முழங்காலிட்டு இரண்டு கையையும் விரித்தேன். அவள் என் கையைத் தாண்டி ஓடி, தாயின் வயிற்றில் முகத்தைப் புதைத்து, “அப்பா, அப்பா” என்று தாயைக் கட்டிக்கொண்டாள். தாய் அவளுடைய காதுகளைக் கையால் பொத்தினாள். அந்தக் கை அப்படிப் பலமுறை பொத்திப் பழகிய கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

ரயில் போனபிறகு மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள். “குண்டு விழுற நேரம் பங்கருக்குள்ள இருக்கேக்க அப்பா வேணுமெண்டு அழுவாள். எனக்கு வேற வழி தெரியேல்லை. நான்தான் அப்பாவும் எண்டு சொல்லிப்போட்டன். மற்ற நேரமெல்லாம் அம்மா எண்டுதான் கூப்பிடுறவள். பயந்தால் மட்டும் இப்பிடி.”

நான் முழங்காலிலேயே இருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

“மெல்ல மெல்லச் சொல்லி மாத்திவிடலாம். நீங்கள் யோசிக்காதேங்கோ,” என்றாள்.

“மாத்த வேண்டாம். பயந்தால் உம்மையே கூப்பிடட்டும்,” என்றேன்.

பெட்டிகள் இரண்டையும் நான் தூக்கிக்கொண்டேன். மகள் தாயின் மற்றப் பக்கத்துக்குப் போய், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.